உற்றார் பெயரால் வரும் ஓலை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியிலும் அனுபவத்திலும் என்னினும் மிக்கார் பலர் கூடியுள்ள இச்சபையில் நான் பேசத் துணிந்தது புலமை காட்டும் பொருட்டன்று. நமது காரியதரிசி அவர்கள் என்னை அழைத்து, "தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்களே எடுத்துச் சொன்னால் நமது குடும்பங்களுக்கு மிக்க உபயோகமாயிருக்கும்" என்று கேட்டுக்கொண்டார்கள். முதலில் மறுத்துவிட்டேன். ஒருவன் தான் ஏமாந்த கதையைத் தன் சுற்றத்தார் முன்னிலையிலே சொல்லிக்கொள்வது எளிதான காரியமா? பின்னர் யோசித்துப் பார்க்குமிடத்து, அவ்வாறு நான் வாய் மூடியிருப்பதே கள்வனுக்குச் செய்யும் மற்றோர் உதவியாகும் என்பது விளங்கிற்று. ஆகவே வந்து நிற்கின்றேன். நான் எடுத்துக்கொண்ட விஷயம் யாதெனில், வாட்ஸ்அப், டெலிகிராம் முதலிய செய்திக் கணக்குகளின் வழியாக நடைபெறும் மோசடியும், அதனின்று நம்மைக் காத்துக்கொள்ளும் முறையுமேயாம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகின்றேன். சென்ற ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, என் பெரியப்பாவின் குமாரரும் எனக்கு மூத்தவருமான ஒருவருடைய வாட்ஸ்அப் கணக்கிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "தம்பி, எனக்கு வரவேண்டிய ஆறு இலக்க எண் ஒன்று தவறுதலாக உன் கைபேசிக்கு வந்துவிட்டது. உடனே அனுப்பு, அவசரம்" என்பதே அச்செய்தி. அவருடைய படமும் பெயரும் அதன் தலைப்பில் இருந்தன. அதற்கு மேலே, முந்தின வாரம் நாங்கள் பேசிக்கொண்ட விவாகப் பேச்சும் அப்படியே இருந்தது. அந்த ஆறு இலக்க எண்ணும் என் கைபேசிக்கு உண்மையாகவே வந்திருந்தது. இதனை ஒருவருக்கும் கொடுக்கலாகாது என்று அதன் கீழேயே அச்சிட்டிருந்தது. நான் அதைப் படித்தேன். படித்தும் அனுப்பினேன். அண்ணன் கேட்கின்றார், அண்ணனுக்கு இல்லையென்பது எப்படி?

அனுப்பிய சிறிது நேரத்திற்கெல்லாம் என் கணக்கு என் கையை விட்டுப் போய்விட்டது. என் கைபேசியிலே என் வாட்ஸ்அப் எனக்குத் திறக்கவில்லை. அந்த ஆறு இலக்க எண் என்னுடைய கணக்கின் திறவுகோல் என்பதும், அண்ணனுடைய கணக்கை முன்னாளே ஒரு கள்வன் இதே விதமாகக் கைப்பற்றியிருந்தான் என்பதும் பின்னரே தெரிந்தன. பிறகு அவன் என் பெயரால், எங்கள் குடும்பக் குழுவிலும் நமது சங்கக் குழுவிலும் உள்ளவர்களுக்குத் தனித்தனியே எழுதினான். "மருத்துவமனையில் இருக்கின்றேன், இப்போது பேச இயலாது, கீழ்க்கண்ட எண்ணுக்கு உடனே பணம் அனுப்புக, இரண்டு நாளில் திருப்பித் தருகின்றேன்" என்று எழுதினான். நால்வர் அனுப்பினார்கள்.

அந்நால்வரில் ஒருவர் என் அத்தையார். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்தியவர். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று வங்கியில் வைத்திருந்த தொகையிலிருந்து 18,000 ரூபாயை, அப்பேத்தியைக் கொண்டே அனுப்புவித்தார்கள். மற்ற மூவரும் அன்று மாலைக்குள் என்னை விசாரித்து உண்மையை அறிந்துகொண்டனர். அத்தையார் மாத்திரம் ஒன்றும் கேட்கவில்லை. கைமாற்றுக் கொடுத்துவிட்டு உடனே கேட்பது உறவுக்கு அழகன்று என்று எண்ணியிருந்திருக்கின்றார்கள். ஏறக்குறைய நான்கு வாரங்கள் கழித்து, கட்டணம் செலுத்தும் கெடு நெருங்கிய பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. அதற்குள் அப்பணம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது.

சகோதரர்களே! இவ்வித மோசடி நேற்று முளைத்ததன்று. 1990-களின் இடைப்பகுதியில் அமெரிக்க தேசத்தில் ஏ.ஓ.எல். என்னும் கம்பெனியின் இணையச் சேவையைப் பல இலட்சம் ஜனங்கள் உபயோகித்து வந்தனர். அதில் ஒருவருக்கொருவர் உடனுக்குடன் செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியும் இருந்தது. அக்காலத்தில் சில வஞ்சகர்கள் அக்கம்பெனியின் சிப்பந்திகளைப் போல வேஷம் பூண்டு, "தங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருக்கின்றது, கடவுச்சொல்லைத் தெரிவியுங்கள்" என்று செய்தி அனுப்பினார்கள். நம்பியவர்கள் தெரிவித்தார்கள். தூண்டிலில் இரையை மாட்டி நீரில் வீசி, கடிக்கும் மீனுக்காகக் காத்திருக்கும் தொழிலுக்கு இது ஒப்பாயிருந்தமையால், மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைச் சிறிது மாற்றி இதற்குப் 'பிஷிங்' என்று பெயரிட்டார்கள். தங்கள் சிப்பந்திகள் எவரும் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார்கள் என்று அக்கம்பெனியார் செய்திப் பலகையிலேயே எச்சரிக்கை எழுதிவைக்க நேர்ந்தது.

அதன் பின்னர் 1996-ல் ஐ.சி.க்யூ., 1998-ல் யாஹூ மெசஞ்சர், 1999-ல் எம்.எஸ்.என். மெசஞ்சர் என்று பல செய்திச் சேவைகள் தோன்றின. தோன்றியவாறே மறைந்தும் போயின. யாஹூ மெசஞ்சர் 2018-லும், ஐ.சி.க்யூ. 2024-லும் மூடப்பட்டன. சேவைகள் மாறினவேயன்றிக் கள்வன் மாறவில்லை. 2009-ல் வாட்ஸ்அப் தோன்றியது. அங்கும் வந்து சேர்ந்தான். வேண்டாத விளம்பரங்களையும் பொய்ச் செய்திகளையும் குவிப்பதற்கு 'ஸ்பாம்' என்று பெயர். 1937 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்டு வரும் தகர டப்பி இறைச்சி ஒன்றின் பெயர் அது. உணவுச்சாலையில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வந்து சேர்வதாக 1970-ல் இங்கிலாந்தில் நடிக்கப்பட்ட ஒரு ஹாஸ்ய நாடகத்திலிருந்து இவ்வழக்கு வந்தது. ஸ்பாம் என்பது குப்பை. பிஷிங் என்பது தூண்டில். குப்பையை எவர் மீதும் கொட்டலாம். தூண்டிலோ, ஆளையறிந்து போடுவது.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். "வாட்ஸ்அப் செய்திகள் பூட்டிய பெட்டியில் செல்லுகின்றன, இடையில் எவரும் படிக்க முடியாது என்கிறார்களே, அப்படியிருக்கக் கள்வன் எவ்வாறு நுழைந்தான்?" என்று சிலர் என்னைக் கேட்டார்கள். அவர்கள் கேள்விப்பட்டது உண்மையே. 2016 ஏப்ரல் முதல் அச்செய்திகள் யாவும் அனுப்புவோர், பெறுவோர் இருவரைத் தவிர வேறெவரும் படிக்கலாகாதவாறு மறைக்கப்பட்டே செல்லுகின்றன. ஆனால் அந்தப் பூட்டு, கடிதம் வழியில் பிரிக்கப்படாமற் காக்குமேயன்றி, கடிதத்தை எழுதியவர் இன்னார்தாம் என்பதற்குச் சாட்சி சொல்லாது. வீட்டின் கதவு இரும்பினாலானதாயிருக்கலாம். வீட்டுக்காரனே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டால் இரும்பு என்ன செய்யும்?

ஆகையால் நாம் நன்றாய் உணர்ந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இம்மோசடியில் கள்வன் உடைப்பது யந்திரத்தையன்று. உறவை முதலாகக் கொண்டு அவன் வியாபாரம் செய்கின்றான். அந்நியன் ஒருவன் 18,000 ரூபாய் கேட்டிருந்தால் என் அத்தையார் 18 காசு கொடுத்திருக்கமாட்டார்கள். நம்முடைய பாட்டனார் காலத்தில் தந்தி வந்தால் வீடே நடுங்கும். ஆயினும் தந்திக்காரர் நேரில் வருவார், அக்கம்பக்கத்தார் கூடுவர், நாலுபேர் படிப்பர், ஒருவர் யோசனை சொல்லுவார். இந்தியத் தந்தி 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இப்பொழுது அவசரச் செய்தி நம் உள்ளங்கைக்கே வருகின்றது. அதைத் தனிமையில் படிக்கின்றோம், தனிமையிலேயே தீர்மானிக்கின்றோம். நாலுபேர் யோசனையைத் தவிர்த்துவிடுவதே கள்வனுடைய முதல் யுக்தி. அதற்காகவே அவன் 'அவசரம்' என்றும், 'பேச இயலாது' என்றும், 'ஒருவரிடமும் சொல்லாதே' என்றும் எழுதுகின்றான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நம் முன்னோர் கண்ட உண்மையன்றோ?

அவன் தரிக்கும் வேஷங்கள் பல. நம் குடும்பங்களை நாடி வரக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்லுகின்றேன்.

முதலாவது, எனக்கு நேர்ந்த ஆறு இலக்க எண் வேஷம். இதற்கு ஒரு கிளையும் உண்டு. "தங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கின்றது, இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவன் பேசுவான். நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஓர் எண்ணைச் சொல்லுவான். அதை அழுத்தினால் நமக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும். பிறகு, வாட்ஸ்அப் திறவுகோல் எண்ணைத் தொலைபேசியில் குரலாகச் சொல்லும்படி செய்து, அதனை அவனே கேட்டுக்கொள்வான். இவ்வபாயத்தை முன்னிட்டு, அவ்வாறு எண்ணை அழுத்தி அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

இரண்டாவது, படத்தைக் காட்டும் வேஷம். "இதில் உன் படம் இருக்கின்றது, பார்" என்று தெரிந்தவர் கணக்கிலிருந்து ஓர் இணைப்பு வரும். அதைத் தொட்டால், நம் கைபேசி எண்ணைக் கேட்டு, பின்னர் ஒரு குறியெண்ணை வாட்ஸ்அப்பில் இடச் சொல்லும். இட்டவுடன் நம் கணக்கு கள்வனுடைய கணிப்பொறியோடும் இணைந்துவிடும். இதில் நம் கணக்கு நம் கையை விட்டுப் போகாது. நாம் வழக்கம்போல் எழுதிக்கொண்டேயிருப்போம். அவனும் உடனிருந்து படித்துக்கொண்டேயிருப்பான். ஆகையால் இது முன்னதினும் கொடியது.

மூன்றாவது, கலியாணப் பத்திரிகை வேஷம். நமது சங்கத்தாருக்கு இதை முக்கியமாய்ச் சொல்லவேண்டும். ஏனெனில் முகூர்த்த மாதங்களில் நம் ஒவ்வொருவருக்கும் எத்தனை பத்திரிகைகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன! பத்திரிகை என்பது ஒரு படமாகவோ, பி.டி.எஃப். தாளாகவோ வரும். ஏ.பி.கே. என்று முடியும் பெயரோடு வந்தால் அது பத்திரிகையே அன்று. ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் குடிபுகும் ஒரு செயலி. அதைத் திறந்து, கேட்கும் அநுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைக் கள்வன் தானே படித்துக்கொள்வான். 2024-ல் வட இந்தியாவிலே போலீசார் இதைக் குறித்து ஜனங்களை எச்சரித்தார்கள். போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும், விவசாயிகளுக்கான உதவித்தொகை என்றும் இதே செயலி வேறு பெயர்களிலும் வருகின்றது.

நான்காவது, போலீஸ் வேஷம். உடுப்பணிந்த ஒருவன் வாட்ஸ்அப் காணொளியிலே தோன்றி, "உன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, நீ டிஜிட்டல் கைதில் இருக்கின்றாய், காமிராவை விட்டு அகலாதே" என்று மிரட்டுவான். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற, சட்டத்திற்கு அஞ்சி நடக்கும் கண்ணியவான்களே இதில் பெரிதும் அகப்படுகின்றார்கள். அவ்வித கைது ஒன்று நம் தேசச் சட்டத்தில் இல்லவே இல்லை என்பதைப் பிரதம மந்திரியே 2024 அக்டோபர் 27-ந் தேதி வானொலிப் பேச்சில் எடுத்துக் கூறினார். எந்த விசாரணை அதிகாரியும் வாட்ஸ்அப்பிலே கைது செய்து வாட்ஸ்அப்பிலே பணம் வசூலிப்பதில்லை.

ஐந்தாவது, வேலை தரும் வேஷம். இளைஞர்கள் இதைக் கவனித்துக் கேட்கவேண்டும். தாய்லாந்தில் கணிப்பொறி வேலை, நல்ல சம்பளம் என்ற செய்தியை நம்பிப் போன இந்திய இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியன்மார் தேசத்து மியாவடிப் பகுதியிலே அடைக்கப்பட்டனர். அவர்களுள் தமிழர் 13 பேர் மீட்கப்பட்டு 2022 அக்டோபர் மாதம் சென்னை வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு இடப்பட்ட வேலை யாதென்றால், இவ்விதமான மோசடிச் செய்திகளைப் பிறருக்கு அனுப்புவதுதான். மறுத்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இவ்வாறு கட்டாயத்துக்கு உட்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. நமக்குச் செய்தி அனுப்பும் விரல், சில சமயம் விலங்கிடப்பட்ட விரலாகவும் இருக்கின்றது. தூண்டிலைப் பிடிப்பவனும் ஒருகாலத்தில் தூண்டிலில் அகப்பட்ட மீனே.

நஷ்டத்தின் அளவைச் சொன்னால் திகைப்பீர்கள். எல்லாவித இணைய மோசடிகளும் சேர்ந்து, நம் தேசத்து ஜனங்கள் 2023-ல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-ல் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசார் 2025-ல் பாராளுமன்றத்தில் தெரிவித்தார்கள். ஓராண்டிலே மூன்று மடங்கு! இத்தொகையில் எத்தனை பேத்திமாரின் கட்டணம் அடங்கியிருக்கின்றதோ!

இனி நாம் செய்யத்தக்கது யாது? கைபேசியைத் துறந்துவிடுதல் கூடாத காரியம். பிள்ளைகள் தூரதேசங்களில் இருக்கின்றார்கள். அவர்கள் முகத்தைக் காட்டுவது அதுவே. ஆகையால் சில நியமங்களைக் கைக்கொண்டால் போதும்.

முதல் நியமம்: கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை, பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லலாகாது. உண்மையான பிள்ளைக்கு அது தேவையே இராது.

இரண்டாவது: வாட்ஸ்அப் அமைப்புகளிலே 'கணக்கு' என்னும் பகுதியில் 'இரு-படி சரிபார்ப்பு' என்று ஒன்று உண்டு. 2017 முதல் எல்லோருக்கும் அது கிடைக்கின்றது. அதில் நாமே ஓர் இரகசிய எண்ணை ஏற்படுத்திக்கொள்ளலாம். மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து வைத்தால் எண் மறந்துபோனாலும் மீட்டுக்கொள்ளலாம். இது கதவுக்கு இரண்டாவது பூட்டு. நான் ஏமாந்த நாளில் இப்பூட்டு இருந்திருந்தால், ஆறு இலக்க எண்ணைக் கொடுத்த பின்னும் கள்வன் வாசலில் நின்றிருப்பான்.

மூன்றாவது: 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியை வாரத்திற்கு ஒருமுறை திறந்து பாருங்கள். நம்முடையதல்லாத சாதனம் ஏதேனும் அங்கே இருந்தால் உடனே வெளியேற்றிவிடுங்கள். அறியாதவர் நம்மைக் குழுக்களில் சேர்க்காதபடி, நம் தொடர்பில் உள்ளோர் மாத்திரம் சேர்க்கலாம் என்று மாற்றிவைக்கவும் இடமுண்டு.

நான்காவது: எவர் பெயரால் பணம் கேட்டு எழுத்துச் செய்தி வந்தாலும், அவரை நாமே, நாம் முன்னரே அறிந்த எண்ணில் அழைத்துப் பேசவேண்டும். செய்தியில் கண்ட புது எண்ணை அழைப்பது பயனற்றது. இக்காலத்தில் ஒருவருடைய குரலையும் யந்திரத்தைக் கொண்டு ஒப்புச் செய்கின்றார்கள். ஆகையால் குடும்பத்தார் மாத்திரம் அறிந்த ஒரு கேள்வியைக் கேட்பது நலம். "பாட்டியை நாம் என்ன சொல்லிக் கூப்பிடுவோம்?" என்று கேட்டுப் பாருங்கள், கள்வன் விழிப்பான்.

ஐந்தாவது: யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு நம் இரகசிய எண் வேண்டியதில்லை, கொடுப்பதற்கே வேண்டும். "பணம் அனுப்புகின்றேன், இரகசிய எண்ணை இடுங்கள்" என்று ஒருவன் சொன்னால் அவன் வாங்க வந்தவனே என்று தெளிந்துகொள்ளுங்கள்.

ஆறாவது: குப்பைச் செய்திக்கு விடையெழுதாதீர்கள், ஏசியும் எழுதவேண்டாம். விடையெழுதினால், இந்த எண்ணில் ஆள் இருக்கின்றார் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அச்செய்தியைக் குறித்துப் புகார் செய்து, அவ்வெண்ணைத் தடுத்துவிடுங்கள். புகார் செய்தால் அவன் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப் நிறுவனத்தாருக்குச் செல்லும். புகார் செய்தது அவனுக்குத் தெரியவராது.

இவ்வளவும் வருமுன் காக்கும் முறை. வந்த பின் செய்வது என்ன? காலந்தாழ்த்தாமையே. பணம் போய்விட்டது என்று அறிந்த அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது இணையக் குற்றங்களுக்கென மத்திய அரசார் ஏற்படுத்திய உதவி எண். போலீசாரும் வங்கிகளும் அதிலே ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டிருக்கின்றனர். பணம் கள்வன் கணக்கை விட்டு வேறிடம் போகுமுன் செய்தி சென்றால் அதை நிறுத்திவைக்க இடமுண்டு. கள்வன் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கும், அதிலிருந்து மற்றொன்றிற்கும் பணத்தை விரைவாய் மாற்றிவிடுவான். ஆகையால் நாழிகை ஒவ்வொன்றும் பொன்னுக்குச் சமானம். பின்னர் தேசிய இணையக் குற்றத் தளத்திலே எழுத்து மூலமாயும் முறையிடலாம்.

உடனே வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியார் 2017 ஜூலை 6-ந் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில், இரகசியத்தைத் தாமே வெளியிட்டு ஏமாந்த வாடிக்கைக்காரருக்கும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நேரும் நஷ்டம் வங்கியையே சாரும் என்று விதித்தார்கள். தெரிவித்ததற்கு முன்னும் பின்னும் எவ்வளவு வேற்றுமை, பாருங்கள்!

கணக்கு பறிபோயிருந்தால், நம் கைபேசியிலே வாட்ஸ்அப்பில் நம் எண்ணை மறுபடி பதிவு செய்யவேண்டும். புதிய ஆறு இலக்க எண் நம் சிம் கார்டுக்கே வரும். அதை இட்டவுடன் கள்வன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டாவது பூட்டைப் போட்டுவைத்திருந்தால் நாம் உள்ளே செல்ல ஏழு நாள் காத்திருக்க நேரும். ஆயினும் அந்த ஏழு நாளும் அவனும் உள்ளே இருக்கமாட்டான். அதற்கிடையே நம் உற்றார்க்கெல்லாம் வேறு வழியாய்ச் சொல்லிவிட வேண்டும். சட்டமும் துணை நிற்கின்றது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-சி பிரிவு பிறருடைய அடையாளத்தைத் திருடுவதையும், 66-டி பிரிவு கணிப்பொறியைக் கொண்டு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் குற்றமாக்கி, மூன்று ஆண்டு வரையில் சிறைத் தண்டனை விதிக்கின்றன.

சபையோர்களே! இவையெல்லாம் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளத் தக்கவை. கற்க அரிதாயுள்ளது வேறொன்று. அதற்காகவே நான் இங்கே வந்தேன்.

விஷயம் வெளிப்பட்ட அன்று நான் அத்தையார் வீட்டிற்குப் போனேன். "ஏன் அத்தை, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, "உன்னிடம் கேட்டால் நீ சங்கடப்படுவாய் என்று இருந்துவிட்டேன் தம்பி. ஏமாந்தேன் என்று தெரிந்த பிறகு, படிக்காதவள் என்று சிரிப்பார்களே என்று இருந்துவிட்டேன்" என்றார்கள். அவ்வார்த்தை என்னைச் சுட்டது. ஏனெனில், படித்தவனாகிய நான் ஏமாந்ததனாலன்றோ அவர்கள் ஏமாந்தார்கள்? நானும் அதே வெட்கத்தினாலே, கணக்கு போன அன்று நெருங்கிய சிலருக்கு மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குச் சொல்லாது இருந்துவிட்டேன். அன்று மாலையே வீடு வீடாய்ச் சொல்லியிருந்தால் அத்தையார் மறுநாளே 1930-ஐ அழைத்திருக்கக் கூடும். 18,000 ரூபாயும் மீண்டிருக்கும் என்று சொல்லமாட்டேன். மீள ஒரு வழியாவது இருந்திருக்கும். என்னுடைய மெளனம் அவ்வழியை அடைத்துவிட்டது. அத்தொகையை நான் கொடுத்துவிட்டேன். பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ஆயினும் அந்நான்கு வாரமும் அவர்கள் தனியே பட்ட கவலையை நான் எதைக் கொண்டு ஈடு செய்வேன்?

ஆகையால், சங்கத்தார் சமூகத்தில் மூன்று வேண்டுகோள்களைச் சமர்ப்பிக்கின்றேன்.

ஒன்று: நம் குடும்பங்களுக்குள் எழுத்துச் செய்தியைக் கண்டு பணம் கொடுப்பதில்லை, வாய்மொழி கேட்டே கொடுப்பது என்று வழக்கம் ஏற்படவேண்டும். "பேசிய பிறகு அனுப்புகின்றேன்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் அதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது, மரியாதையாகவே கொள்ளவேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு மாதக் கூட்டத்தின் முடிவிலும் இளைஞர் நால்வர் அரை மணி நேரம் இருந்து, பெரியவர்களுடைய கைபேசியில் இரண்டாவது பூட்டைப் போட்டுக்கொடுக்க வேண்டும். இரகசிய எண்ணைப் பெரியவர்களே இடவேண்டும், இளைஞர் பார்க்கலாகாது. பொறுமையோடு செய்யுங்கள், குழந்தைகளே. உங்களுக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்கள்.

மூன்று: ஏமாந்தவரைப் பரிகாசம் செய்வதை நாம் அறவே ஒழிக்கவேண்டும். ஏமாந்தவர் குற்றவாளியல்லர். அவர் வந்து சொன்னால் இன்னும் நூறு வீடுகள் தப்பும். "எப்படி ஏமாந்தாய்?" என்று கேட்பதை விட்டு, "எப்போது நடந்தது? 1930-க்குச் சொல்லியாயிற்றா?" என்று கேட்கப் பழகுவோமாக. அக்கேள்வியிலே பணமும் மீளலாம், மானமும் மீளும்.

கள்வன் நம் உறவைக் கருவியாகக் கொண்டே நம்மைக் கொள்ளையிடுகின்றான். அதனால் உறவையே சந்தேகிக்கத் தொடங்கினால் அவனுக்கே வெற்றி. உறவினர் ஒருவரோடொருவர் வாய்விட்டுப் பேசிக்கொள்ளும் இடத்தில் அவன் வேஷம் ஒரு நிமிஷமும் நில்லாது. இப்பிரசங்கத்தைத் தயாரித்த இரவு அத்தையாரிடம் படித்துக் காட்டினேன். தம் பெயரைச் சொல்லவேண்டாம் என்றார்கள். கதையை மாத்திரம் விடாமற் சொல்லச் சொன்னார்கள். சொல்லிவிட்டேன்.